பிசின் ஊறும் வரை

கையெட்டும் சிறிய இரையை விடுத்து, சற்றுப் பின்னர் வரவிருக்கும் பெரிய இரைக்காகக் காத்திருக்கும் திறனை விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் தன்னடக்கம் என்கின்றனர். காத்திருக்கும் நேரம் நீள நீள, அதே இரையின் மதிப்பு விலங்கின் கணக்கில் சரிந்துகொண்டே போவதற்குக் காலத்தள்ளுபடி என்று பெயர். இந்தச் சரிவு சீரானதன்று, தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கிப் போகப்போகத் தணிகிறது. அதனால் நேரும் விந்தையை ஹோவர்ட் ராக்ளினும் லெனர்ட் கிரீனும் 1972-இல் புறாக்களிடம் கண்டனர். உடனே 2 விநாடி தானியம் கொத்துவதா, 4 விநாடி பொறுத்து 4 விநாடி கொத்துவதா என்ற நிலையில் புறாக்கள் உடனடித் தானியத்தையே நாடின. ஆனால் பல விநாடிகள் முன்னதாகவே முடிவெடுக்க வாய்ப்பளித்தபோது, பிறகு மனம் மாறவே வழியில்லாதபடி பெரிய பங்கை மட்டும் தரும் பொத்தானைப் பெரும்பாலான புறாக்கள் விரும்பின.

புறாவை அவசரக்குடுக்கை என்று ஒதுக்குவது எளிது. பொறுமை என்பது அறிவின் அளவுகோலன்று, பிழைப்பின் சாயல் என்று எண்ணத் தூண்டுபவை இரண்டு குரங்கினங்கள். வடகிழக்குப் பிரேசிலின் மார்மோசெட்டும் கொலம்பியாவின் வெண்கொண்டை டாமரினும் அணிலளவே உள்ளவை, குட்டிகளைக் கூட்டாகப் பேணுபவை, நெருங்கிய உறவின. ஆயினும் மார்மோசெட் தன் கீழ்வெட்டுப்பற்களால் மரப்பட்டையைக் குடைந்து, துளையில் பிசின் கசிந்து திரளும் வரை பொறுத்திருந்து நக்குகிறது. பூச்சிகளைப் பெரிதும் நாடும் டாமரினோ கண்ட கணமே பாய்ந்தாக வேண்டும், தயங்கினால் வெட்டுக்கிளி தாவிவிடும்.

ஜெஃப்ரி ஸ்டீவன்ஸும் அவருடைய சகாக்களும் 2005-இல் இவ்விரு இனங்களின் முன்னும் உடனே 2 உணவுத்துண்டுகள், தாமதித்து 6 துண்டுகள் என்ற தேர்வை வைத்து, எவ்வளவு தாமதம் வரை பெரிய பங்குக்காகக் காத்திருக்கின்றன என்று அளந்தனர். மார்மோசெட் ஏறத்தாழ 14 விநாடி தாங்கியது, டாமரின் 8 விநாடிக்குள் பொறுமையிழந்தது. உடலளவிலும் மூளையளவிலும் பெரிய வேறுபாடு இல்லாததால், உணவு தேடும் முறையே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். இரண்டே இனங்களை ஒப்பிட்டு எட்டிய முடிவை முற்றிலும் நம்பிவிட முடியாதுதான். எனினும் அதே ஆண்டில், நேரத்துக்குப் பதிலாகத் தொலைவை விலையாக வைத்து, அருகில் சிறிய பங்கும் தள்ளிப் பெரிய பங்கும் இருக்குமாறு அமைத்த சோதனையில் நிலைமை தலைகீழானது. இரை தேடிப் பரந்து திரியும் டாமரின் பெரிய பங்கை நோக்கிச் சளைக்காமல் நடந்தது. அத்தனை பொறுமை காட்டிய மார்மோசெட்டோ, தொலைவு கூடியதும் அருகிலிருந்த சிறிய பங்கோடு நின்றுகொண்டது.