படிப்புக்கு நான்கு ஆண்டு. செயற்கைக்கோளுக்கு ஒன்பது ஆண்டு

புது தில்லி: பொறியியல் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் உருவாக்கிய "பிரதம்" செயற்கைக்கோள் விண்ணை எட்டவோ ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2007-இல் திட்டத்தைத் தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுச் சென்று நெடுநாள் கழித்து, 2016 செப்டம்பர் 26-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-35 ராக்கெட்டில் அது ஏவப்பட்டது. அன்று அக்குழுவில் இருந்த மாணவர்கள், திட்டம் தொடங்கியபோது பள்ளிச் சிறுவர்கள்.

எடை ஏறத்தாழ 10 கிலோ. எதிர்பார்த்த ஆயுள் நான்கே மாதம். அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்களின் அடர்த்தியைக் கணிப்பது அதன் பணி. இந்த அடர்த்தி மாறினால் இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையில் பிழை நேரும்.

கருவியை வடிவமைப்பதைவிட, அது தாக்குப்பிடிக்கும் என்று நிரூபிப்பதில்தான் காலம் கரைகிறது. ராக்கெட்டின் அதிர்வையும், காற்றில்லா வெளியின் கடும் வெப்பத்தையும் குளிரையும் சோதனைக்கூடத்திலேயே அது கடந்தாக வேண்டும். மேலே போனபின் ஒரு கம்பி விட்டுப்போனாலும் சரிசெய்ய வழியில்லை; இதற்கு மறுதேர்வு கிடையாது. இதனிடையே ஆண்டுதோறும் மூத்தவர்கள் வெளியேறுகின்றனர். அவர்கள் எழுதிவைக்காமல் போன கணக்கு, அடுத்து வருவோருக்கு இல்லாத கணக்கே.

புணே பொறியியல் கல்லூரியின் "ஸ்வயம்" ஒரு கிலோவுக்கும் குறைவு. 2008-இல் தொடங்கிய அப்பணி 2016 ஜூனில்தான் நிறைவேறியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று வடிவமைத்த முதல் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20-இல் ஏவப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் "அனுசாட்". அடுத்த ஆண்டே பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் ஏழு கல்லூரிகள் சேர்ந்து "ஸ்டட்சாட்"டை அனுப்பின. பின்னர் சேர்க்கை விளம்பரங்களிலும் செயற்கைக்கோள் இடம்பிடித்தது. அதில் எத்தனை இணைப்புகளை மாணவர் கையே பற்றவைத்தது என்று பெற்றோர் கேட்பது நல்லது.

அரசுக்கும் இதில் கவலை உண்டு. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையின்படி, விண்ணிலிருந்து விழும் பொருள் தரையில் சேதம் விளைவித்தால் ஏவிய நாடே பொறுப்பு. செய்தது மாணவர் என்பதற்குச் சலுகை இல்லை. தனியாருக்கான விண்வெளி வரைவு மசோதா 2017-இல் கருத்துக் கேட்புக்கு வெளியானது. எனினும், 2023-இல் வந்தது சட்டமன்று, கொள்கை ஆவணமே. அனுமதி வழங்கும் பொறுப்பை "இன்-ஸ்பேஸ்" அமைப்புக்கு அது அளித்தது.

நான்கு மாதம் உழைக்கும் கோள், செயலிழந்தபின் பல ஆண்டுகள் குப்பையாகச் சுற்றும் சிக்கலும் உண்டு. இதற்கு இஸ்ரோ கண்ட மாற்று வழிதான் "போயம்". பயன் முடிந்த பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தையே ஆய்வுமேடையாக்கும் ஏற்பாடு இது. மின்சாரமும் நிலைநிறுத்தும் வசதியும் மேடையிலேயே கிடைப்பதால் மாணவர்கள் கருவியில் மட்டும் கவனம் செலுத்தலாம். தனிக் கோளை முழுமையாகக் கட்டும் அனுபவம் இதில் குறையும் என்பது உண்மையே. ஆனால் பட்டம் பெறும் முன்பே தன் கருவி இயங்கக் காணும் வாய்ப்பு கூடுகிறது.

திருவனந்தபுரம் எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவியரின் "வீசாட்", புற ஊதாக் கதிர்வீச்சை அளக்க 2024 ஜனவரி 1-ஆம் தேதி இவ்வழியில்தான் சென்றது. அதைச் சுமந்த மேடை, மார்ச் 21-ஆம் தேதி வளிமண்டலத்தில் நுழைந்து, வட பசிபிக் கடற்பரப்பின் மேல் அழிந்தது. சுற்றுப்பாதையில் எதுவும் மிஞ்சவில்லை.