கேட்டதும் கிடைத்ததும்

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் ஒரு பெயரை அழைக்கிறார். "உள்ளேன் ஐயா" என்ற குரல் எழுகிறது. குரல் எழுந்தது உண்மை. ஆனால் அழைக்கப்பட்ட மாணவனேதான் அதனை எழுப்பினானா என்பது வேறு வினா. இணையவழித் தகவல் வழங்கும் கணினிச் சேவைகளைப் பரிசோதிப்போருள் பலர் குரலைக் கேட்டதோடு நின்றுவிடுகின்றனர்.

ஒரு கணினி மற்றொன்றிடம் தகவல் வேண்டும்போது எவ்விடம், எந்நாள், எத்தனை பதிவுகள் என்னும் குறிப்புகளையும் உடன் அனுப்புகிறது. இவை அளவுருக்கள் எனப்படும். விடையளிக்கும் கணினி தன் விடையுடன் மூவிலக்க எண் ஒன்றைத் தரும். 200 எனில் வேண்டுகோள் நிறைவேறியது. 404 எனில் கேட்ட பொருள் அங்கில்லை. தானியங்கிப் பரிசோதனை நிரல் 200ஐக் கண்டதும் "தேறியது" என்று குறித்துவிடுமாயின், அது பாதிப் பரிசோதனையே ஆகும்.

வானிலை நிலையங்களுக்கு உலக அளவில் எண்கள் உண்டு. சென்னை மீனம்பாக்கத்தின் எண் 43279. நுங்கம்பாக்கத்தின் எண் 43278. நிலைய எண்ணும் இரு தேதிகளும் கொடுத்தால் மழையளவைத் தரும் சேவை ஒன்றைக் கருதுக. 43279ஐக் கேட்டவருக்கு 43278இன் கணக்கு சென்றுவிடினும் 200 என்ற எண் மாறாது. மழையளவும் நம்பத்தக்கதாகவே தோன்றும். ராஜஸ்தானத்துப் பாலைநிலக் கணக்கு வந்திருந்தால் எவரேனும் ஐயுற்றிருப்பர். அதே நகரின் மற்றொரு பேட்டைக் கணக்கு வந்தால் யார் ஐயுறுவர்?

ஆதலின் நிரலானது தான் அனுப்பிய அளவுருக்களை நினைவில் வைத்து, வந்த ஒவ்வொரு பதிவையும் அவற்றோடு ஒப்பிட வேண்டும். விடையின் தலைப்பில் 43279 என்று அச்சாகியிருப்பது போதாது. கேட்ட எண்ணையே திருப்பி எழுதிவிட்டு, உள்ளே வேறு கணக்கை வைக்கும் சேவையும் இருக்கக்கூடும். தேதிகளில் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு 5½ மணி முந்தியது. ஜூலை 1, அதிகாலை 2 மணிக்கு எடுத்த பதிவு, பொது நேரப்படி ஜூன் 30, இரவு 8.30க்கு உரியதாகிவிடும். நம் நாட்டில் அன்றாட மழையளவோ காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்குக் கணக்கிடப்படுவது. "ஜூலை 1" என்பதன் பொருள் யாதென முதலில் வரையறுக்காமல் ஒப்பிடப் புகுவது வீண் வேலை.

மற்றொரு கண்ணி வெற்றுப் பட்டியல். "ஒவ்வொரு பதிவும் இவ்விரு தேதிகளுக்கு இடையே உள்ளதா?" என்று வினவினால், பதிவே இல்லாத பட்டியலும் தேறிவிடும், தவறான பதிவு ஒன்றேனும் அதில் இல்லையன்றோ! பதிவு உண்டென்று முன்பே அறிந்த நாட்களைக் கேட்டு, எண்ணிக்கையையும் சரிபார்த்தல் வேண்டும்.

இத்தவறு மழைக்கணக்கோடு நிற்பதன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, அமெரிக்க நாட்டின் வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தில், ஒருவருக்காக ஆயத்தமான பக்கங்கள் பிறருக்குச் சென்றன. தளத்தின்மீது நிகழ்ந்த தாக்குதலைச் சமாளிக்கத் தற்காலிகச் சேமிப்பின் அமைப்பை மாற்றியபோது நேர்ந்த பிழை அது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 34,000 பயனர்களின் விவரங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. மின்னஞ்சல் முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் முதலியன அவற்றுள் அடங்கும். பக்கங்கள் குறையின்றியே சென்றன; சேர வேண்டியவரிடம் சேரவில்லை.

இத்தகைய பிழையை ஒரே பயனரின் பெயரால் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதால் பிடிக்க இயலாது. இரு பயனர்களின் பெயரில் ஒரே முகவரிக்கு அடுத்தடுத்தும், ஒரே வேளையிலும் வேண்டுகோள் அனுப்பி, ஒவ்வொரு விடையிலும் உள்ள பெயரைக் கேட்டவரின் பெயரோடு ஒப்பிடல் வேண்டும். முதற் கேள்விக்குச் சரியான விடையே வரும். சேமித்த விடையை எடுத்து நீட்டும் பிழை இரண்டாம் கேள்வியில்தான் வெளிப்படும்.