பரேல் மாளிகையும் லேபர் கேம்ப் வீடும்: பிற்காலச் சேர்க்கைகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

0. முன்னுரை

பழைய வீடுகளுள் பல ஒரே காலத்தில் முழுமை பெற்றவை அல்ல. முதலில் எழுந்த பகுதியோடு பின்னர் எழுந்தவையும் சேர்ந்தே அவை இன்றைய வடிவை அடைந்துள்ளன. அத்தகைய வீட்டை விவரிக்கும் மொழி, எது முன்னது எது பின்னது என்னும் காலமுறையையும், எது உள்ளது எது புறத்தது என்னும் இடமுறையையும் வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். ஆங்கில விவரணைகளைத் தமிழாக்கும்போது இவ்விரண்டும் பெரும்பாலும் மயங்குகின்றன. மும்பையின் பரேல் மாளிகையையும், அதற்கு வடக்கே தாராவியைச் சார்ந்துள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் வீடுகளையும் சான்றாகக் கொண்டு இம்மயக்கத்தையும் அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. பரேல் மாளிகையின் அமைப்பு

பம்பாய் 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. பரேலில் கத்தோலிக்கத் துறவியர்க்குரிய மடமும் வழிபாட்டுக்கூடமும் இருந்தன. 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் அவற்றைக் கைப்பற்றி, கோட்டைக்கு வெளியே ஆளுநர் தங்கும் மாளிகையாக்கினர். 1771 முதல் 1784 வரை ஆளுநராயிருந்த வில்லியம் ஹார்ன்பி அங்கேயே குடியிருந்தார். பழைய வழிபாட்டுக்கூடம் இடிக்கப்படவில்லை; அதன் சுவர்களுக்குள்ளேயே விருந்துக்கூடமும் நடனக்கூடமும் அமைந்தன. மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் ஆளுநராயிருந்த காலத்தில் (1819–1827) வலமும் இடமும் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டன.

ஆளுநர் பெர்குசனின் மனைவி அம்மாளிகையில் காலரா நோயால் இறந்தார். 1885இல் ஆளுநரின் உறைவிடம் மலபார் முனைக்கு மாறியது. 1896இல் நகரில் கொள்ளைநோய் பரவியதை அடுத்து, 1899இல் ஹாஃப்கினின் ஆய்வுக்கூடம் பரேல் மாளிகைக்குக் குடியேறியது. 1925 முதல் அது ஹாஃப்கின் நிறுவனம் என வழங்குகிறது.

இம்மாளிகையில் மிகப் பழைய பகுதி நடுவில் உள்ளது. பின்னர் வந்தவை அதன் இருபுறமும் உள்ளன. அஃதாவது, இங்குக் காலமுறை உள்ளிருந்து புறம் நோக்கிச் செல்கிறது.

2. சொல்லாக்கச் சிக்கல்கள்

ஆங்கிலம் இத்தகைய மாளிகையைக் 'கன்ட்ரி ஹவுஸ்' என்கிறது. 'நாட்டு வீடு' என்னும் நேர்பெயர்ப்பு நாட்டோடு வேய்ந்த எளிய வீட்டை நினைவூட்டும். 'கிராம வீடு' என்பதும் பொருந்தாது. நகரில் அதிகாரம் உடையவர் நகர்க்குப் புறத்தே வைத்திருந்த வசிப்பிடம் என்பதே கருத்தாதலின் 'புறநகர் மாளிகை' அல்லது 'தோட்ட மாளிகை' என்பது ஏற்கத்தக்கது.

பக்கவாட்டில் நீளும் பகுதியை ஆங்கிலம் 'விங்' என்கிறது. இதனைச் 'சிறகு' எனப் பெயர்ப்பின் வேறொரு சிக்கல் எழுகிறது. தமிழ்ப் பத்திரங்களில் வடசிறகு, தென்சிறகு என்பன தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசையைக் குறிப்பன. 'மாளிகையின் தென்சிறகு' என்பதைப் படிப்பவர் தனி வீடுகளின் வரிசை எனக் கொள்ளக்கூடும்.

'கட்டு' என்னும் சொல்லே மிகுந்த கவனத்தை வேண்டுவது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எனப் பகுதிகள் தெருவிலிருந்து உள்நோக்கி எண்ணப்படுகின்றன. இவ்வெண் இடத்தைக் குறிக்குமேயன்றிக் காலத்தைக் குறிக்காது. எல்லாக் கட்டுகளும் ஒரே திட்டத்தில் எழுந்திருக்கலாம். எல்பின்ஸ்டன் சேர்த்த பகுதிகளை 'இரண்டாங்கட்டு' என எழுதினால், வாசகர் அவற்றை மாளிகையின் பின்புறத்தில் தேடுவார். காலப்படியைக் குறிக்கக் 'கட்டம்' என்னும் சொல் உண்டு. கட்டு இடத்துக்கும் கட்டம் காலத்துக்கும் உரியன என வரையறுத்துக்கொண்டால் மயக்கம் நீங்கும்.

3. வினையில் அமையும் வரலாறு

ஆங்கிலம் 'பிற்காலச் சேர்க்கை' என்னும் கருத்தைப் பெயர்ச்சொல்லில் வைக்கிறது. தமிழ் வழக்கோ அதனை வினையில் வைக்கிறது. சாய்ப்பு இறக்குதல், மாடி எடுத்தல், அறை தடுத்தல் ஆகிய தொடர்களை நோக்குக. முதலாவது பக்கவாட்டிலும், இரண்டாவது மேல்நோக்கியும், மூன்றாவது உள்ளேயும் நிகழும் மாற்றங்கள். வீடு முன்னரே இருந்தது என்பதும், மாற்றம் எத்திசையில் நிகழ்ந்தது என்பதும் வினையாலேயே பெறப்படும். 'எல்பின்ஸ்டன் காலத்தில் இருபுறமும் பக்கக்கட்டு எடுக்கப்பட்டது' என்னும் தொடர் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே தெளிவாக்குகிறது.

4. லேபர் கேம்ப் வீடு

தமிழர் பலர் வாழும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இவ்வேறுபாடு வாழ்வுரிமையோடு தொடர்புடையது. தாராவிப் பகுதியில் பக்கவாட்டில் இடம் இல்லாமையால் வீடு மேல்நோக்கியே வளர்கிறது. கீழே ஓர் அறை; அதன்மேல் பின்னர் எடுத்த மற்றோர் அறை; அதற்குத் தெருவிலிருந்தே ஏறும் செங்குத்தான ஏணிப்படி. மும்பைத் தமிழில் அறைக்குக் 'கோலி' என்றும், வரிசைக் குடியிருப்புக்குச் 'சால்' என்றும் வழங்கும் சொற்கள் மராத்தியிலிருந்து வந்தவை. மராத்தியின் 'மாளா' மேல்தளத்தையும் குறிக்கும், பரணையும் குறிக்கும். தமிழின் 'மச்சு' என்பதும் அவ்வாறே இருபொருள் உடையது.

தாராவி மறுசீரமைப்பில் இச்சொற்கள் வெறும் சொற்களாக நில்லா. 1-1-2000க்கு முன்னரே தரைத்தளத்தில் இருந்தவர்க்கு உள்ள உரிமை வேறு. மேல்தளத்தில் வாழ்வோர்க்கு உள்ளது வேறு. ஆகவே ஓர் ஆவணத்தில் 'மாளா' என்றிருப்பதைப் 'பரண்' எனப் பெயர்த்தால், அங்கு வாழும் ஒரு குடும்பமே கணக்கில் இல்லாமற் போகும். 'மாடி' எனின் கீழ்வீட்டின் பகுதி என்பது பொருளாகும். 'மேல்வீடு' எனின் தனிக் குடியிருப்பு என்பது பெறப்படும். பொருள் வைக்கும் இடமாயின் பரண், ஒரே குடும்பத்தின் மேல்தளமாயின் மாடி, தனிக் குடும்பம் வாழ்வதாயின் மேல்வீடு என மூன்றையும் பிரித்து ஆளுதல் வேண்டும்.

5. முடிவுரை

பரேலில் பெயர்கள் மயங்கினால் வரலாறு பிழைபடும்; லேபர் கேம்ப்பில் அவை மயங்கினால் குடியிருப்பு கைவிட்டுப் போகும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. இடத்தைப் பெயர்ச்சொல்லாலும் காலத்தை வினையாலும் சுட்டுதல் தமிழின் இயல்பு. மொழிபெயர்ப்பாளர் அவ்வியல்பைப் பின்பற்றுவதோடு, ஒரு பகுதிக்குப் பெயரிடுமுன் அது எங்குள்ளது, எப்போது எழுந்தது, யார் அதில் வாழ்கின்றனர் என்னும் மூன்றையும் உறுதி செய்துகொள்ளுதல் இன்றியமையாதது.