அணையின் உயரத்தை விட நீளமான கசெட் நாடா, தெரியுமா?

பழைய தெல்தெனியக் கடைத்தெரு இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது, தெரியுமா? 1985இல் அணை திறக்கப்பட்டது. ஊர் மேட்டுக்கு ஏறிவிட்டது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய சுவர்கள் தலைகாட்டும், சனம் திரண்டு போய்ப் பார்க்கும். சுவர் திரும்பி வரும். அந்தத் தெருவில் கேட்ட குரல் யாராவது பிடித்து வைத்திருந்தால்தான் வரும்!

குரலைப் பிடிக்கவும் ஆட்கள் புறப்பட்டார்கள். 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலிக்காரர்கள் கசெட் ரெக்கோடரோடு குடியேற்றக் கிராமங்களுக்குப் போய், நாட்கணக்கில் அங்கேயே தங்கி, கமக்காரரின் பாட்டையும் கதையையும் பதிந்தார்கள். விக்டோரியாவால் ஊரிழந்தவர்கள் பலர் போய்க் குடியேறிய பக்கம் கிராந்துருக்கோட்டை. அங்கே 1986இல் ஒரு வானொலி நிலையமே வந்தது! 1989இல் கொத்மலையில் இன்னொன்று. 1990களின் கடைசியில் கொத்மலையார் செய்தது அதைவிட அதிசயம்: நேயர் கேள்வி கேட்பார், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியிலேயே பதில் சொல்வார். கணினியே இல்லாத வீட்டுக்குள் இணையம் ரேடியோ வழியாக நுழைந்தது!

அந்தக் கசெட்டை லேசாக எண்ணாதீர்கள். நாடா ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான். ஆனால் 90 நிமிடக் கசெட்டின் நாடாவை முழுக்க இழுத்து, 122 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா அணையின் உச்சியிலிருந்து தொங்கவிட்டால், அடியைத் தொட்ட பிறகும் மிச்சம் கிடக்கும்!

கசெட்டும் இல்லாத காலத்தில்? மலையகத்தில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளரின் துயரைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடி, 1940இல் அச்சிட்டும் வெளியிட்டார். எழுதியவரும் பாடியவரும் வெளியிட்டவரும் ஒருவரே! சுயாதீன இசை நேற்றுப் பிறந்தது என்று யாராவது சொன்னால் இந்த அம்மையாரின் பெயரைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பாட்டை நீங்களே பதிய, உங்கள் வீட்டுக்குள் வாருங்கள். வரவேற்பறையில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். சீமெந்துச் சுவரில் பட்டு 'டங்' என்று திரும்பும். அப்படியே சேலைகள் நெருக்கித் தொங்கும் அலுமாரியைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துத் தட்டுங்கள். சத்தம் அங்கேயே அடங்கிவிடும்! கீச்சென்ற எதிரொலியைத் துணி குடித்துவிடுகிறது. காசு கொட்டி ஸ்டூடியோ கட்ட முடியாதவருக்கு அம்மாவின் அலுமாரி பெரிய வரம். கும்மென்ற தாழ்ந்த ஒலி மட்டும் துணிக்கு மசியாது.

தப்பு மேளத்தைப் பதிவதென்றால் முதலில் வேண்டியது நெருப்பு! மலைப்பனியில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்து, சத்தம் மந்தமாகிவிடும். அனலில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று வந்த பிறகே ஒலிவாங்கியை வையுங்கள். தகரக் கூரையில் மழை தொடங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

பதியும்போது கணினி 10 மில்லிசெக்கன் தாமதிக்கிறது என்று தவிக்கிறீர்களா? ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்தத் தாமதம், மேளக்காரருக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். கோயில் திருவிழாவில் பாடியவர்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை!

பாட்டு முடிந்ததா? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எங்கும் பதியாமலேயே உரிமை உங்களுடையது. ஆயுள் முழுக்கவும், அதன்பின் 70 ஆண்டும்! ஆனால் ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாவிட்டால், 2024 முதல் அதன் பதிவுக்கு ஒரு சதமும் கிடையாது. ஆயிரத்தைத் தாண்டி நாலு காசு வரும்போதுதான் மெட்டு யாருடையது, வரி யாருடையது என்ற சண்டை வெடிக்கும். நாட்பட்ட நட்புகள் இதில் முறிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. பாடும் நாளிலேயே ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள்: மெட்டு, வரி, குரல், தப்பு, யார் யார், யாருக்கு எத்தனை பங்கு. எல்லோரும் கையெழுத்து வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பதிவின் சிவப்பு விளக்கு எரிந்ததும், சுருதி சேர்வதற்கு முன், ஒலிவாங்கியிடம் சொல்லுங்கள்: தெல்தெனிய, இன்றைய திகதி, பாடுபவரின் பெயர்.