பிடித்த எலியை ஏன் விடுகிறார்கள்?

வரப்பில் பத்து வளை தெரிந்தால் பத்து எலி என்று கணக்கல்ல. ஒரே வரப்பெலி பல வாய்கள் வைத்துத் தோண்டும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வளைவாய் மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்வார்கள். ஆய்வாளர்களோ பெட்டிப்பொறியில் உயிரோடு பிடித்து, காதில் எண் தகடு மாட்டி, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள்.

20 எலிக்குத் தகடு மாட்டி விட்டதாக வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து 15 சிக்குகின்றன. அவற்றில் 5-க்குத் தகடு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்பதால், வயலில் சுமார் 60 எலி.

நமக்குத் தகடு வேண்டாம். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடி, மறுநாள் காலை திறந்திருப்பவற்றை எண்ணுங்கள். மருந்து வைக்கும் முன்பும் பின்பும் இப்படி எண்ணினால், செலவழித்த காசுக்குப் பலன் உண்டா என்று தெரிந்துவிடும். எலியை வெறுங்கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம்.