உங்கள் ஊர் ஏரி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, சென்னையை அடுத்த பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்துபோன காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. வழிதவறி வந்ததுபோல் பலரும் பேசினார்கள். வண்டலூர்க் காட்டையொட்டிய அந்த ஏரிகளில் முதலைகள் பல காலமாக இருக்கின்றன. அங்கே புதிதாக வந்தவை சாலையும் மனைகளும்தான்.

இப்படி ஏரிகள் நெருக்கப்படுவதைக் கண்டு மனு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: “எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்.” அந்த மனு மாநகராட்சிக்குப் போய், அங்கிருந்து நீர்வளத் துறைக்கும், பிறகு வருவாய்த் துறைக்கும் சுற்றிவிட்டு, “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்ற பதிலோடு முடிந்துபோகும். எந்த நீர்நிலை எந்தச் சட்டத்தில் வருகிறது என்று தெரியாமல் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்புநிலம் இது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ராம்சார் இடம் என்பதால் 2017-ம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் இதற்குப் பொருந்தும். குப்பை கொட்டக் கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடக் கூடாது, வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சதுப்புநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியை, அதாவது தாக்கப் பகுதியை, வரையறுக்கும் ஆய்வு முடியும்வரை, ராம்சார் எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) உத்தரவிட்டது. அந்தப் பக்கம் ஃபிளாட் வாங்க முன்பணம் கட்டுபவர்கள் இதன் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் கதை வேறு. பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அதே 2017 விதிகள் தம் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது. செம்பாக்கத்தின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக்குத்தான் போகிறது. மேலே கலக்கும் சாக்கடை கீழே இருக்கும் பறவைக்குத்தான் போய்ச் சேரும்.

இந்த ஏரிகளுக்குக் கைகொடுப்பது 2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம். ஏரியை அளந்து, எல்லையைக் காட்டி, ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும் என்கிறது அது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்.கிருஷ்ணன் வழக்கில் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவையும் மனுவில் குறிப்பிடலாம்.

ஆக்கிரமிப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் கலங்கல் ஓரத்தில் இரண்டு லோடு கட்டட இடிபாடு விழும். அதன்மேல் செம்மண். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மின் மீட்டர், கடைசியாக வீட்டுவரி ரசீது. மின் இணைப்பும் வரி ரசீதும் பட்டா ஆகிவிடாது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இடிக்க வண்டி வரும்போது விற்றவர் அங்கே இருப்பதுமில்லை.

ஆகவே முதல் லோடு விழுந்த அன்றே தேதி தெரியும்படி படம் எடுங்கள். காரணம் உண்டு: பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்பதானால் ஐந்து ஆண்டு. வருவாய்ப் பதிவேட்டில் சர்வே எண்ணைப் பாருங்கள். எல்லை அளக்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தாம்பரம் மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்தில் சர்வே எண்ணோடு தீர்மானம் கேளுங்கள். சிட்லபாக்கத்தில் 2019-ல் மக்களே மண்வெட்டியோடு ஏரியில் இறங்கினார்கள்; அதே ஆண்டு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

உயிரினங்களுக்கு வழி வேறு. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பசுமைத் தீர்ப்பாயத்தின் வரம்பில் வராது. முதலையையோ மானையோ யாராவது துன்புறுத்தினால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரே குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிட 55-ம் பிரிவு இடம் தருகிறது.

எங்கே மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.