குறையில்லாத வீட்டிலும் மனச்சுமை இருக்கலாம்

வசதியான வீடு, பெயர்பெற்ற உயர்நிலைப்பள்ளி. “என் பேரப்பிள்ளைக்கு என்ன குறை?” என்று உங்களுக்குத் தோன்றலாம். எல்லாம் கிடைத்த பிள்ளை, “என்னால் முடியவில்லை” என்று சொல்லக் கூச்சப்படலாம். கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில், நல்ல மதிப்பெண்கூடக் குறைவாகத் தெரியும்.

பதின்ம வயதினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு நேரத் துணைப்பாட வகுப்புகள் அதைக் குறைத்துவிடக்கூடும்.

பசியின்மை, எரிச்சல், நண்பர்களைத் தவிர்த்தல் ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் கவனியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• மதிப்பெண்ணை விசாரிக்கும் முன், “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள்.

• “எங்கள் காலத்தில்” என்று ஒப்பிடாமல், சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

• பிள்ளையின் பெற்றோரிடம் பேசுங்கள். சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண் 1771-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.

• வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால், தனியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 995-ஐ அழையுங்கள்.